பைக்குள் ஏறாத சரக்கு

ஜனவரி 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நானும் உன் அண்ணனும் நலம். அவருக்குத் தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. கார் ஓட்டப் பழக வந்த ஒரு அம்மாள் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலேட்டரையே மிதிக்கிறாராம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. வீடு அமைதியாக இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. அங்கே மாமாவும் நீயும் உன் பெண் மகாராணியும் சுகம்தானே? கப்பலிலிருந்து உன் வீட்டுக்காரர் பேசினாரா?

மாமா, இதைச் சத்தமாகத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். காலமெல்லாம் ஊரார் கடிதத்தைச் சுமந்த தபால்காரருக்கு வீட்டுக் கடிதத்தைப் படித்துக்காட்ட உரிமை உண்டு. ஆனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள்.

கண்டுபிடித்துவிட்டோம்.

ஆறு வயதாகியும் மகாராணியின் கால் ஏன் தரையில் ஊன்றவில்லை, கழுத்து ஏன் நிற்கவில்லை, கண் ஏன் திடீரென்று மேலே செருகிக்கொள்கிறது என்று கேட்டு எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினோம். அவள் ரத்தத்தில் செய்த மரபணுச் சோதனையின் முடிவை வாங்கிப் பார்த்தேன். கோளாறு இருப்பது, இத்தனை வருஷமாக நான் ஆய்வகத்தில் கட்டிக்கொண்டு அழும் அதே புரதத்தில். ஊரெல்லாம் தேடினோம், அது என் மேசை மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல டோபமின் என்று ஒரு பொருள் வேண்டும். அது நரம்பின் நுனியில், கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிப் பைகளில் நிரம்பிக் காத்திருக்கும். நடக்கலாம் என்று நாம் நினைத்தவுடன் பை வாய் திறந்து சேதியைக் கொட்டும். அந்தப் பைக்குள் டோபமினை ஏற்றுவதற்கென்றே பையின் சுவரில் ஒரு புரதம் நிற்கிறது. ஆய்வகத்தில் நாங்கள் அதை லோடுமேன் என்போம். ஒரு பம்பு பைக்குள் அமிலத்தை அடைத்து வைக்கும். லோடுமேன் அதில் இரண்டு துகளை வெளியே விட்டு, அந்த வேகத்தில் ஒரு டோபமினை உள்ளே இழுப்பான். நம் மகாராணிக்கு அந்த லோடுமேன் சரியில்லை. உன்னிடமிருந்து ஒரு பாதியும் உன் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு பாதியும் வந்து சேர்ந்ததில் வந்த வினை இது. தனித்தனியாக உங்கள் இருவருக்கும் அது ஒன்றும் செய்யாது. ஆகவே யாரும் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்த வேண்டாம்.

எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. இனி விடமாட்டேன்.

அன்புடன்,
அண்ணி


ஜனவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கு எல்லோரும் நலம். உங்கள் நலத்தையும் அண்ணனின் தொண்டை நலத்தையும் அறிய ஆவல். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். சொன்னால் கேட்கமாட்டார், இருந்தாலும் சொல்லுங்கள்.

அப்பா தண்ணீர் குடிக்கவில்லை. ஒரே மூச்சில் படித்து முடித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எதிர் வீடு, தையல் கடை, சைக்கிள் கடை என்று பழைய தபால் சுற்று முழுவதும் போய்விட்டு வந்தார். இன்றைக்கு எங்கள் தெருவில் லோடுமேனைத் தெரியாத ஆள் கிடையாது. "எல்லா டாக்டரும் கைவிட்டாங்க, என் மருமக மேசையில இருந்துச்சு பாருங்க" என்று தையல்காரரிடம் சொன்னாராம். உங்களோடு போனிலேயே பேசிவிட்டால் என்ன என்று கேட்டேன். "போன்ல சொன்னது காத்தோட போயிடும். கடுதாசின்னா கையில நிக்கும்" என்கிறார்.

எனக்கு அன்று அழுகை வரவில்லை. மறுநாள் தொழிற்சாலையில், சோப்புத் திரவ பாட்டில்கள் வரிசையாக வந்து ஒவ்வொன்றாக நிரம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வந்தது. என் பிரிவுப் பெண்கள் கண்ணில் சோப்புத் தெறித்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு ஓடிவந்தார்கள்.

தூக்கிக்கொண்டே திரிகிறோம் என்பதால் நாம் மகாராணி என்று பெயர் வைத்தோம். அவள் இப்போது அதிகாரமும் பண்ணத் தொடங்கிவிட்டாள். மூச்சு வாங்கி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: "அந்த லோடுமேனை... வேலையை விட்டுத் தூக்குங்க."

அன்புள்ள நாத்தனார்


பிப்ரவரி 3

அன்புள்ள நாத்தனாருக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்தையும் அறிய எழுதுகிறேன். நாங்கள் சுகம். தொண்டை சரியாகிவிட்டது, வீட்டில் மறுபடியும் சத்தம்.

மகாராணியின் உத்தரவை ஆய்வகத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஆளை வேலையை விட்டுத் தூக்குவதற்கு முன் ஒரு வாய்ப்புத் தரலாம் என்பது என் எண்ணம். லோடுமேன் சோம்பேறியாக மட்டும் இருக்கலாம். வாசலில் சரக்கை மலைபோலக் குவித்தால், அவன் அசமந்தமாக ஏற்றினாலும் ஓரளவு உள்ளே போகும். உடம்புக்குள் போய் டோபமினாக மாறும் மருந்து ஒன்று உண்டு, பழைய மருந்துதான். உங்கள் டாக்டருக்கு எழுதினேன், குறைந்த அளவில் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

இதற்கிடையில் இங்கே நான் மகாராணியின் லோடுமேனைச் செல்களில் வளர்க்கப்போகிறேன். அவனை நேரில் விசாரித்தால்தான் சோம்பேறியா, கை கால் விழுந்தவனா என்று தெரியும்.

அவள் எப்படி இருக்கிறாள் என்று அடிக்கடி எழுது. சிறிய விஷயத்தையும் விடாதே.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

மருந்து தொடங்கியாயிற்று. டாக்டர் நல்ல மனிதர், மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து எப்படிக் கொடுப்பது என்று அவரே செய்து காட்டினார். மகாராணி முகத்தைச் சுளித்து, "இது எனக்கா... லோடுமேனுக்கா?" என்றாள். அவனுக்குத்தான், உன் வாய் வழியாகப் போக வேண்டியிருக்கிறது என்றேன். "அப்ப அவன்கிட்ட... தேன் வேண்டாம்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுத் தேனை மட்டும் நக்கினாள்.

அப்பா தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டார். சைக்கிள் கடைக்காரர் சின்னச் சைக்கிள் ஒன்றை விற்காமல் எடுத்து வைத்திருக்கிறாராம்.

அன்புள்ள நாத்தனார்


மார்ச் 15

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கு நலம். உன் கடிதம் ஒன்றையும் காணோம், அதனால் அங்கும் நலம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். எடுத்துக்கொள்ளலாமா?

சோதனை முடிந்தது. மகாராணியின் லோடுமேன் இருக்கும் பைகளைப் பிரித்தெடுத்தேன். பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்க்க, நல்ல லோடுமேன் இருக்கும் பைகள். அடையாளம் போட்ட டோபமினை இரண்டிலும் ஊற்றி, வடிகட்டித் தாளில் பைகளைப் பிடித்து, உள்ளே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எண்ணினேன். நல்ல பைகள் நிரம்பியிருந்தன. மகாராணியின் பைகள் காலி. டோபமினை அள்ளிக் கொட்டினேன், அப்போதும் காலி. நல்ல லோடுமேனுக்கு விஷம் வைத்து முடக்கினால் என்ன எண்ணிக்கை வருமோ, அச்சு அசலாக அதுதான் வருகிறது.

இது நிஜமென்றால் வாசலில் எவ்வளவு குவித்தாலும் பயனில்லை. மருந்து எப்படி வேலை செய்கிறது? ஏதாவது வித்தியாசமாகப் பட்டால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடு. உன் பதிலை எதிர்பார்த்துத்தான் நான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 29

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கு எல்லோரும் நலம். உங்கள் நலமறிய ஆவல்.

மகாராணி தேறி வருகிறாள். நீங்கள் கவலைப்பட வேண்டாம். டாக்டரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. தொழிற்சாலையில் வேலை அதிகம், அதனால்தான் எழுத முடியவில்லை. அப்பா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

அன்புள்ள நாத்தனார்


ஏப்ரல் 12

அன்புள்ள நாத்தனாருக்கு,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

அவள் தேறுகிறாள் என்றால் என்னைவிட யார் சந்தோஷப்படப்போகிறார்கள். ஆனால் என் நிலைமையைக் கேள். உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு எங்கள் ஆய்வகத் தலைவர், "பொண்ணு தேறுதுன்னா உன் சோதனைதான் தப்பு" என்றார். நானும் அப்படியே நினைத்து முதலிலிருந்து செய்தேன். பைகள் ஓட்டையோ என்று பார்த்தேன், ஓட்டை இல்லை. பம்பு ஓடவில்லையோ என்று சாயம் போட்டுப் பார்த்தேன், உள்ளே அமிலம் ஏறியிருக்கிறது. பம்பு ஓடுகிறது, சரக்கு இருக்கிறது, எரிபொருள் இருக்கிறது, லோடுமேன் மட்டும் கல்லாக நிற்கிறான்.

மே நடுவில் ஆய்வகத்தில், அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் இருக்கிறது. மகாராணி தேறுவது உண்மையானால், என் எண்ணிக்கையைக் குப்பையில் போட்டுவிட்டு, லோடுமேன் சோம்பேறிதான், அதே மருந்தைக் கூட்டிக் கொடுத்தால் போதும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு வேறு வழி எதையும் தேடமாட்டார்கள்.

இன்னொன்று. உன் போன கடிதத்தை நாலு தரம் படித்தேன். வெயில் இருக்கிறது, தொழிற்சாலை இருக்கிறது, மாமா இருக்கிறார். மகாராணி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவள் பேச்சு இல்லாமல் நீ எழுதிய கடிதம் இதற்கு முன் ஒன்றுகூடக் கிடையாது. அவள் என்ன சொன்னாள் என்று எழுது.

அன்புடன்,
அண்ணி


மே 5

அண்ணி,

இங்கு யாரும் நலமில்லை.

இதைத் தொழிற்சாலையில் உட்கார்ந்து, பெட்டியில் ஒட்டும் லேபிளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நானே தபாலில் போடுவேன். வீட்டில் எழுதினால் அப்பா வாங்கிப் படித்துவிட்டுத்தான் உறையை ஒட்டுவார்.

மருந்து கொடுத்த அந்த வாரமே அவளுக்கு மோசமாகிவிட்டது. கை கால் முறுக்கிக்கொண்டது. கண் மேலே செருகினால் இறங்கவே இல்லை. பேச்சு நின்றுவிட்டது. அவள் என்ன சொன்னாள் என்று கேட்டீர்களே, ஒன்றும் சொல்லவில்லை அண்ணி. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் மருந்தை நிறுத்திவிட்டார்; உங்களுக்கு நானே எழுதிவிடுவதாக அவரிடம் சொல்லிவைத்தேன். முறுக்கு விட்டது, இப்போது பழையபடி கிடக்கிறாள். பேச்சு மட்டும் திரும்பவில்லை. வேறு என்ன செய்வது என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

அப்பாதான் எழுத வேண்டாம் என்றார். "எத்தனையோ வீட்டுக்கு என் கையால கெட்ட சேதி கொண்டுபோயிருக்கேன். என் வீட்டுல இருந்து ஒண்ணு போக வேண்டாம்மா. மருமக மனசு விட்டுட்டா அப்புறம் பிள்ளையை யாரு பாக்குறது?" என்றார். இப்போது தெருப் பக்கமே போவதில்லை. சைக்கிள் கடைக்காரர் வந்தால் தூங்குவதுபோலப் படுத்துக்கொள்கிறார்.

எனக்கு உங்கள் மேல் கோபம்தான். மறைக்க என்ன இருக்கிறது? இங்கே பாட்டில் நிரப்பும் குழாய் அடைத்துக்கொண்டால் முதலில் தொட்டியை மூடுவோம். திறந்துவிட்டால் சோப்பு தரையெல்லாம் ஓடி ஆள் வழுக்கி விழும். புதிதாக வேலைக்கு வந்தவருக்கும் இது தெரியும். நீங்கள் குழாய் அடைத்திருக்கும்போது தொட்டியைத் திறந்துவிடச் சொன்னீர்கள். விழுந்தது என் பெண்.

நீங்களாவது நன்றாக இருங்கள்.

நாத்தனார்


மே 11

என் அருமை நாத்தனாருக்கு,

உன் கடிதம் சோப்பு வாசனையோடு வந்தது. படித்ததும் அழுதேன். உன் கோபம் நியாயம், அதை நான் வாங்கிக்கொள்கிறேன், குழந்தை பட்ட பாட்டுக்கு நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பது. அப்புறம் இரண்டாம் தரம் படித்தேன். நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தேன். உன் அண்ணன் பயந்துபோய், "யாரையாவது கூப்பிடட்டுமா?" என்றார்.

மாமா, இதைச் சத்தமாகப் படியுங்கள். தெருவுக்குக் கேட்கட்டும். நீங்கள் கெட்ட சேதி என்று நினைத்து மறைத்தீர்களே, அதைத்தான் நான் மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன். என் சோதனை சரி. பைகள் காலி என்றால் காலிதான். ஏற்ற முடியாத சரக்கு நரம்புக்குள்ளேயே கிடந்து கெட்டுப்போய் அவளை முறுக்கியிருக்கிறது. உன் சோப்புத் தரையேதான். ‘எல்லோரும் நலம், தேறி வருகிறாள்’ என்று நீங்கள் எழுதிய ஒரு வரி, ஆய்வகத்தையே என் மேல் சந்தேகப்பட வைத்தது. நாத்தனார் கொடுமை என்று ஊரில் சொல்கிறார்களே, அவர்களுக்கெல்லாம் இந்த அளவு தெரியாது.

கூட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. உன் லேபிளையும் என் எண்ணிக்கையையும் எடுத்துக்கொண்டு நேராகத் தலைவர் அறைக்குப் போனேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப பையே வேண்டாம்" என்றார். நானும் அதைச் சொல்லத்தான் போனேன். டோபமினைப் போலவே வேஷம் கட்டிக்கொண்டு, ஏற்றவோ இறக்கவோ ஆள் தேவைப்படாமல், அடுத்த நரம்பின் கதவை நேராகப் போய்த் தட்டும் மருந்து உண்டு. பெரியவர்களின் நடுக்க நோய்க்குக் கொடுப்பது. உங்கள் டாக்டரும் குழந்தை நரம்பு மருத்துவர் ஒருவரும் எங்களோடு போனில் பேசி அளவு குறித்திருக்கிறார்கள். பொடி அளவில் தொடங்கி மெதுவாகத்தான் ஏற்றுவார்கள்.

இந்த முறை நலம் என்று எழுதாதே. நடந்ததை எழுது. நல்லது, கெட்டது, எச்சில் வடிந்தது, தும்மியது, எல்லாம்.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 26

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்கிறேன், நலம் என்று எழுதமாட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

மருந்து தொடங்கி முதலில் ஒன்றும் இல்லை. அப்பா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒருநாள் காலை நான் வேலைக்குக் கிளம்ப முடி சீவிக்கொண்டிருந்தேன், கண்ணாடியில் பார்க்கிறேன், அவள் தலை நேராக நிற்கிறது. யாரும் தாங்கவில்லை. என்னைப் பார்த்து, "அம்மா, வகிடு கோணல்" என்றாள். மூச்சு வாங்காமல் சொன்னாள் அண்ணி. அன்று முழுவதும் கோணல் வகிட்டோடுதான் தொழிற்சாலையில் நின்றேன், மாற்ற மனம் வரவில்லை.

அப்புறம் கண் செருகுவது நின்றது. பிறகு உட்கார்ந்தாள். கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்றாள், கால் வெடவெட என்று ஆடியது, பிடிக்கப் போன என்னை முறைத்தாள். போன வாரம் கட்டிலிலிருந்து கதவு வரை நடந்தாள். கெட்டதையும் எழுதச் சொன்னீர்கள்: தூக்கம் குறைந்திருக்கிறது, பிடிவாதம் கூடியிருக்கிறது, என் பவுடர் டப்பாவை அவளே எடுத்துக் காலி செய்துவிட்டாள். டாக்டர் நடையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

அப்பா பழைய சுற்றுக்குக் கிளம்பிவிட்டார். தையல் கடையில் இரண்டு மணி நேரம். "நாங்க எழுதின கெட்ட சேதியாலதான் எல்லாம் சரியாச்சு" என்று இப்போது தானே எழுதச் சொன்னதுபோலப் பேசுகிறார். விட்டுவிட்டேன்.

இந்தக் கடிதத்தைத் தெருமுனைத் தபால் பெட்டியில் தானே போடுவேன் என்று மகாராணி அடம்பிடிக்கிறாள். நேற்று மழை, தெரு சேறு. அவ்வளவு தூரம் நடந்ததில்லை. அப்பாவும் அவளும் வாசலில் செருப்புக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். உறையை ஒட்டுகிறேன்.

அன்புள்ள நாத்தனார்


ஜூலை 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

நாங்கள் நலம், இதை நம்பலாம். உன் அண்ணனிடம் கார் பழகிய அந்த அம்மாளுக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது.

கடிதம் வந்தது. உறை முழுக்கச் சேறு. ஒரு மூலை கசங்கியிருக்கிறது, முகவரி மேல் ஐந்து சின்ன விரல் அப்படியே பதிந்திருக்கிறது. அதைத் துடைக்காமல் ஆய்வகச் சுவரில் ஒட்டிவிட்டேன். தலைவர் வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுகிறார், எண்ணிக்கையைக் காட்டுவதில்லை. உன் அண்ணன் பார்த்துவிட்டு வெளியே போய் ரொம்ப நேரம் கழித்து வந்தார், கண்ணில் தூசி விழுந்ததாம்.

என்ன நடந்தது? விழுந்தாளா?

அன்புடன்,
அண்ணி


ஜூலை 13

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கு எல்லோரும் நலம். படித்துவிட்டு நம்புங்கள்.

விழுந்தாள். சைக்கிள் கடை முன்னால் ஒரு முறை, முனை திரும்பும் இடத்தில் ஒரு முறை. முதல் முறை நான் ஓடினேன், அப்பா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். சைக்கிள் கடைக்காரர், தையல்காரர், எதிர் வீட்டார் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். ஒருவரும் கிட்டே போகவில்லை. சேற்றில் கையை ஊன்றினாள், கடிதத்தை மட்டும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இரண்டாம் முறை கடிதமும் விழுந்தது, அதையும் எடுத்துக்கொண்டாள். பெட்டியின் வாய் அவளுக்கு எட்டவில்லை. அப்பா தூக்கப் போனார். வேண்டாம் என்று நுனிக்காலில் நின்று, எக்கிப் போட்டாள். உள்ளே விழுந்த சத்தம் சைக்கிள் கடை வரை கேட்டது. அப்பா பெட்டி மேல் கை வைத்துக்கொண்டு அழுதார்.

திரும்பி வரும்போது எதிர் வீட்டம்மா கேட்டாள், "மகாராணி, இவ்வளவு தூரம் நடந்தே வந்துட்டீங்களா?"

அவள் சேற்றுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சொன்னாள். "இனிமே அப்படிக் கூப்பிடாதீங்க. மகாராணியைத் தூக்கிட்டுப் போவாங்க. நான் தபால்காரம்மா."

அன்புள்ள நாத்தனார்